பெயின்ட்டுக்கடை எழுதிக்கொள்வது

இன்று காலை பதிவேட்டில் எழுபத்து நான்காம் நம்பர் வந்தது. ரத்தம் கொடுக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் கையில் பஞ்சால் ஸ்பிரிட் தடவிக்கொண்டே, "ஏழு, நாலு. எழுபத்து நாலு" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நிற்கும் புதுப் பெண் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. "எதுக்குக்கா இதெல்லாம்? குழாய் மேலதான் எழுதியிருக்கே" என்றாள். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது, பழைய லேபின் நினைவோடு நீ வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாய்.

"எனக்கு ஏழு மஞ்சளாத் தெரியும், நாலு நீலமாத் தெரியும். அதனாலதான்" என்றேன். அவள் சிரித்தாள். வாத்தியாரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் திருப்பிச் சொல்லும்வரை ஊசியைத் தொடவும் இல்லை.

இது கடலூர் லேப். நீ பார்த்ததில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, நான் இங்கே வந்து எட்டு மாதம். உனக்கு எழுத வேண்டும் என்று பலநாள் நினைத்ததுண்டு. இன்றைக்குத்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் கை எழுதும் என்பது உனக்குத் தெரியும்.

2006-இல் சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால், அந்தச் சந்து லேபில் நாம் சேர்ந்தோம். நீ லால்பேட்டையிலிருந்து வருவாய், நான் கீரப்பாளையத்திலிருந்து. நீ டெக்னீஷியன், நான் ரத்தம் எடுத்துப் பதிவு எழுதுகிறவள். ஒருநாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்தபோது, "செவ்வாய்க்கிழமை வெள்ளையா இருக்கறதால சோம்பலா இருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கிழமைகள் நிறத்தோடுதான் தெரியும், அதைப்பற்றிப் பேசமாட்டார்கள் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன்.

"என்னாது? செவ்வா வெள்ளையா?" என்று நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாய். ஒன்று முதல் ஒன்பது வரை கேட்டாய், சைபரைக் கேட்டாய். ஏழு கிழமை, பன்னிரண்டு மாதம், வந்துபோன நோயாளிகளின் பெயர்கள், எல்லாம் கேட்டாய். நான் சொல்லச்சொல்ல ஒரு பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாய். மேலே 'பெயின்ட்டுக்கடை விலைப்பட்டியல்' என்று தலைப்பும் போட்டாய். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பஸ் ஸ்டாண்டில் நீ காட்டுமன்னார்கோயில் வண்டியில் ஏறிக்கொண்டு, நான் சேத்தியாத்தோப்பு வண்டியில் நிற்கும்போது, ஜன்னல் வழியே "ஏ பெயின்ட்டுக்கடை, நாளைக்கு என்னா கலரு?" என்று கத்துவாய். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

நீ அதை நம்பி எழுதவில்லை, பொழுதுபோக்குக்கு எழுதினாய். எனக்கு அது அப்போதே தெரியும்.

அடுத்த வருடம் அந்தத் தப்பு நடந்தது. ரத்தம் சோதிக்கும் கருவிக்கும் ரிப்போர்ட் எழுதும் மேசைக்கும் பத்தடி தூரம். நம்பரையும் சர்க்கரை அளவையும் மனதில் வைத்துக்கொண்டு நடந்துபோய் எழுதுவேன். நம்பரை நான் நம்பராக வைத்துக்கொள்வதில்லை, நிறமாகத்தான் வைத்திருப்பேன். அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு நீலமும் ஒரு மஞ்சளும். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினேன். எது முன்னால், எது பின்னால் என்பது கலைந்துவிட்டது. எழுபத்து நான்காம் நம்பர் பெரியவரின் சர்க்கரை அளவு நாற்பத்து ஏழாம் நம்பரில் ஏறிவிட்டது. நாற்பத்து ஏழு, புவனகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஏழு மாதக் கர்ப்பிணி. நீ என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாய்.

சாயங்காலமே அவளுடைய டாக்டர் சந்தேகப்பட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார். தப்பு வெளியே வந்தது. அதற்குள் அந்தப் பெண் வழியெல்லாம் அழுதிருக்கிறாள். அவள் புருஷன் வந்து நம் மேசையைத் தட்டிக் கேட்டதை இன்றும் மறக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். முதலாளி என்னிடம் எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"தப்பு பண்ணிட்டு கலர் காட்றியாடி?" என்று முதலில் கேட்டது முதலாளி இல்லை, நீ. உன் கையெழுத்து அசிங்கப்பட்ட கோபம். அந்தக் கோபத்தோடு போய்ப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தாய். பக்கத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாய். மூன்று? மார்ச்? வியாழன்? எப்போதோ ஒரே தடவை வந்துபோன கிழவியின் பெயர்? நான் அழுதுகொண்டே பதில் சொன்னேன். பாதியில் உன் குரல் இறங்கிப்போனது.

"எல்லாம் அப்படியே இருக்கேடி" என்றாய். "ஒண்ணுகூட மாறல."

பதிவேட்டை மூடி வைத்துவிட்டு நீ சொன்னது இதுதான்: "உனக்குக் கலர் தெரியுது, சரி. அதுக்காக அந்தப் பொண்ணு அழுதது இல்லன்னு ஆயிடாது. இனிமே ஒவ்வொரு நம்பரையும் வாயால சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்." அதன்பிறகு நாம் சேர்ந்து வேலை செய்த காலம் முழுக்க ஒரு நம்பர்கூட இடம் மாறவில்லை. கலரு கிலரு என்று வாயைத் திறந்தால் வேலை கிடையாது என்று முதலாளி மட்டும் சொல்லிவைத்தார்.

ஆனால் சேதி கீரப்பாளையம் வரை போய்விட்டது. அப்பா என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை போட்டேன். தூக்கம் தூக்கமாக வந்தது, நிறம் ஒன்றும் போகவில்லை. தூக்கத்திலும் வெள்ளிக்கிழமை கத்தரிப்பூ நிறமாகத்தான் வந்தது. மூன்றாவது வாரம் மாத்திரைகளைக் கொல்லையில் கொட்டினேன். அம்மா அழுதாள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் குறிஞ்சிப்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீடு வந்தது.

பெண் பார்க்கும் அன்று நீதான் எனக்குத் தலைவாரிப் பூ வைத்தாய். "இத பாரு, அவுங்க கேட்டா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு சொல்லிடு. இன்னைக்கி ஒரு நாளு தலையாட்டிடு. அப்புறம் உன் கலர யாரு புடுங்கிக்கப் போறா?" என்று காதில் சொன்னாய். நீயே அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். "பொண்ணுக்கு ஏதோ கலர் கலராத் தெரியுதாமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ளைங்க வெளையாட்டு" என்றார் அப்பா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ சமையலறைக் கதவோரம் நின்று, தலையை ஆட்டு ஆட்டு என்று கண்ணாலேயே சொன்னாய். நான் ஆட்டியிருக்கலாம். ஆட்டியிருந்தால் அந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"வெளையாட்டு இல்லீங்க. நெசமாத் தெரியுது" என்றேன்.

மாப்பிள்ளை பாவம், ஆர்வமாகத்தான் கேட்டார். "அப்ப என் பேரு என்னா கலரு?"

அவர் பெயர் எனக்குச் சாணி நிறம். அதையும் சொன்னேன்.

அவர்கள் போனபிறகு அப்பா முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் ஆத்திரம். "திமிரு ஜாஸ்திடி உனக்கு" என்று என் தலையிலிருந்த பூவை நீயே பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனாய். பத்து நாள் லேபில் நம்பரைத் தவிர வேறு பேச்சு இல்லை. நீ நம்பர் சொல்வாய், நான் நம்பர் சொல்வேன், அவ்வளவுதான்.

பதினோராவது நாள் அண்ணாமலை நகர் பிரவுசிங் சென்டரில் எடுத்த நாலு தாளை மேசையில் போட்டாய். "இதுக்கு ஒரு பேரு இருக்குடி. சினஸ்தீசியாவாம். உலகத்துல நெறைய பேருக்கு இருக்குதாம். வியாதி இல்லியாம்." உன் முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. இங்கிலீஷில் ஒரு பெயர் வந்தால் அப்பா நம்புவார், முதலாளி நம்புவார். நான் சொன்னபோது ஏன் நம்பவில்லை? நீ மட்டும்தான் அந்தத் தாளுக்கு முன்பே நம்பினாய். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல், "உனக்கு வேற வேலையில்ல" என்று திட்டினேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. நம்முடைய கருவியில்தான் முதலில் தெரிந்தது. எட்டு எனக்கு மாதுளை நிறம், எண்களிலேயே அழகானது. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய உன் கிரியேட்டினின் எட்டைத் தாண்டிய அன்றும் அது அழகாகத்தான் தெரிந்தது. என் கண்ணையே பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. என் நிறங்களை நான் வெறுத்தது அந்த ஒரு நாள்தான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தது ஒரு மத்தியானம். உன் அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தார். நீ கண்ணைத் திறந்து, "என் பேரு இன்னும் அதே கலருதானாடி?" என்று கேட்டாய். பட்டியலில் உன் பெயரும் உண்டு. ஈரத்துணியால் துடைத்த சிலேட்டின் கறுப்பு. மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் வளையாத என் நாக்கு உன் கட்டிலுக்கு முன்னால் வளைந்தது.

"இல்ல, மாறிடுச்சு. இப்ப மயில்கழுத்துக் கலரு" என்றேன். உனக்குப் பிடித்த புடவை நிறம்.

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினாய். "மாறாதுன்னு எழுதி வச்சவளே நாந்தான். எங்கிட்டயே பொய் சொல்றியா? ஊரு முன்னால சொல்லாத பொய்ய எனக்கு எதுக்குடி சொல்ற? ஒழுங்கா சொல்லு."

"சிலேட்டு" என்றேன். "தொடச்ச சிலேட்டு."

"ஆங். அதான் நானு" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் ஒரு நிறத்தையும் மாற்றிச் சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும். ஒவ்வொரு தடவையும் அம்மா உன் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறாள். உன் சேர்க்கைதான் என்னை இப்படிக் கெடுத்ததாம். தலையாட்டச் சொன்னதே நீதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா நிறுத்திவிடுவாள். நான் சொல்வதில்லை. அம்மா வாயில் உன் பெயர் வரும்போதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் அந்த ஈரக் கறுப்பு வந்து நிற்கிறது. இந்த வீட்டில் இப்போது உன் பெயரைச் சத்தமாகச் சொல்கிறவள் அம்மா ஒருத்திதான். நன்றாகத் திட்டட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.