நமஹகேயை அடித்த யுசுனா

அன்பு மகள் சிகுசாவுக்கு,

உன் சித்தி ஃபுசாயே எழுதுவது. காலையில் உன் அம்மா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, மணியைத் தட்டி, அக்கா, டோக்கியோவில் இருக்கிற உன் பெண்ணைச் சளிக்காய்ச்சல் எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இங்கே நானும் சித்தப்பாவும் யுசுனாவும் சுகம். கூரைப் பனியைத் தள்ளும்போது மட்டும் என் இடுப்பு கொஞ்சம் முணுமுணுக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா, தள்ளிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய், ராத்திரி சாப்பாட்டைக் கடைப் பொட்டலத்தோடு முடித்துக்கொள்ளாமல் ஒரு கிண்ணம் மிஸோ சூப்பாவது வைத்துக் குடிக்கிறாயா.

உன் கடிதம் வந்தது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, உன்மேல் இல்லை, உனக்குப் பாதிச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லி மீதியை விழுங்கிய பக்கத்து வீட்டுத் தோகியேமேல். யுசுனாவுக்கு அந்த உடுப்பையும் மந்திரக் கோலையும் அனுப்பியது உன் தப்பு என்றும், இப்படிப்பட்ட டிவி கார்ட்டூன் படங்களை வரைந்து பிழைக்கிறோமே என்று வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். வெட்கப்பட என்ன இருக்கிறது. ஏழு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தவள் நீ, சித்தி என்று கூப்பிட்டாலும் நீதான் என் மூத்த பெண், என் வயிற்றில் பிறந்த எட்டு வயது யுசுனா கடைக்குட்டி. உங்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரிகிற மாதிரி தோகியேவுக்குத் தெரியாது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

வருடத்தின் கடைசி நாள் நமஹகே வருவதற்காக வீட்டைத் துடைத்து, தட்டில் இடித்த அரிசி மோச்சியும் மீனும் வைத்து, சாக்கே மதுவைச் சுட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மலையிலிருந்து இறங்கி வருகிற சாமியை வெறுங்கையோடு வரவேற்க முடியுமா. இந்த வருடம் சிவப்பு முகமூடி ஷூஹெய்க்கு, அதுதான் படகுத்துறையில் டீசல் ஊற்றுகிற பையன். நீல முகமூடி இளைஞர் சங்கத் தலைவர் கன்ஜிக்கு. முகமூடிக்குள் யார் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம், யுசுனாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பொழுது சாய்ந்ததும் கதவு அதிர்ந்தது, வைக்கோல் அங்கியும் மரக்கத்தியுமாக இரண்டு பேரும் உள்ளே வந்து தரை குலுங்க மிதித்து, அழுகுற புள்ள எங்க, சோம்பேறிப் புள்ள எங்க, மலைக்குத் தூக்கிட்டுப் போயிடுவோம் என்று கத்தினார்கள். எல்லா வருடமும் செய்கிறதுதான். ஆனால் ஷூஹெய்க்கு இது முதல் வருடம், உற்சாகம் தாங்காமல் பிள்ளையை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான்.

நீ அந்த வயதில் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொள்வாய். இவள் நீ அனுப்பிய இளஞ்சிவப்பு உடுப்போடு நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள். கம்பளிச் சட்டைக்கு மேல் அந்தச் சரிகைப் பாவாடை, கையில் கோல். ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு காலைத் தூக்கி, உன் படத்தில் வருகிற பெண்கள் உரு மாறும்போது சொல்வார்களே நிலவு விடியல் என்று என்னமோ, அதை முழுசாகச் சொன்னாள். அதுவரை ஷூஹெய் என்ன செய்தான் தெரியுமா, தூக்கிய கத்தியை இறக்காமல் அப்படியே காத்துக்கொண்டு நின்றான். பின்னால் கன்ஜி அவனைக் கேட்டாராம், மரம் மாதிரி எதுக்குடா நின்ன என்று. அதற்கு அவன், அவ உரு மாறிட்டு இருந்தா அண்ணே, அப்ப கை வைக்கக் கூடாதுல்ல என்றானாம். அவனும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே. சொல்லி முடித்தவள் நேராகப் போய் முகமூடி மூக்கின்மேல் ஒரு போடு போட்டாள். முகமூடி திரும்பிக்கொண்டது, அவனுக்குக் கண் தெரியவில்லை, தூணில் முட்டி, வாசலில் இடறி, பனிக் குவியலுக்குள் குப்புற விழுந்தான். கன்ஜி பதறிப்போய் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தட்டும் கையுமாக நிற்கிறேன், ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு வாழ்த்துச் சொல்லவில்லை, சாமி வந்த வழியே போய்விட்டது. சித்தப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வந்த தோகியே சிரிக்கவில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேராகவே, சாமியை அடிச்சு விரட்டிட்டியேடி பாவி, உங்கப்பன் நாளைக்குக் கடலுக்குப் போகணுமே, யாரு துணைக்கு வருவா என்று கேட்டுவிட்டாள். உன் வாயை உன் வீட்டு ஊறுகாய் ஜாடியில் வைத்து மூடு என்று நான் சொல்லத்தான் செய்தேன், ஆனால் அதற்குள் சொல் பிள்ளைக்குள் இறங்கிவிட்டது. உடுப்பைக் கழற்றி மடித்தாள், கோலைக் கொண்டுபோய் வலைக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். புது வருட மோச்சியைத் தொடவில்லை. சித்தப்பா படகு எடுக்கிற காலைகளிலெல்லாம் ஜன்னலோரம் போய் நிற்பாள், படகு கரைமுனையைத் தாண்டி மறைந்த பிறகும் நிற்பாள், பள்ளிக்கூடத்துக்குப் போ என்றால், நான் போயிட்டா அப்பாவ யாரும்மா பாக்கறது என்பாள். ஞாயிற்றுக்கிழமை உன் படம் வந்தபோது எழுந்து போய் டிவியை அணைத்தாள். சாமி அவ்வளவு சீக்கிரம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லையடி என்று எத்தனை விதமாகச் சொல்லியும் எடுபடவில்லை.

பிறகு ஒருநாள் குளியல் தொட்டியில் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள். அக்கா படத்துல அடிக்கிறதோட முடியாதும்மா, அடிச்சு முடிச்சதும் வெளிச்சத்தால கழுவி விடணும், அப்பதான் கெட்டதெல்லாம் போயி அவங்க நல்லவங்களாகி வீட்டுக்குப் போவாங்க, நான் கழுவறதுக்குள்ள அவரு ஓடிட்டாரு என்றாள். எனக்கு அங்கேயே எல்லாம் தெளிந்துவிட்டது சிகுசா. நம் ஊரில் மட்டும் என்ன செய்கிறோம், வந்து கத்துகிற சாமியை உட்கார வைத்து, ஊற்றிக் கொடுத்து, பேசி, வணங்கி அனுப்புகிறோம். இவள் பாதியில் நின்றுபோன காரியத்துக்காகத்தான் தவிக்கிறாள், அதை முடித்து வைத்தால் போதும். அழாதே, நாளைக்கே மலைக்குப் போய்க் கூப்பிடுவோம் என்றேன்.

மறுநாள் தட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு மலைக் கோயிலின் கல்படிகளில் ஏறினோம், பனி முழங்கால் அளவு. மேலே போனால் யார் பனி அள்ளிக்கொண்டிருக்கிறான் என்கிறாய், ஷூஹெய், மூக்கில் பிளாஸ்திரியோடு. இவள் அவனைக் கவனிக்கவில்லை, சந்நிதிக்கு முன்னால் தட்டை வைத்து, கைதட்டி வணங்கி, உரக்கச் சொன்னாள். நமஹகே சாமி, நான்தான் அடிச்சேன், அப்பாவத் தூக்கிட்டுப் போக வந்தீங்கன்னு நினைச்சேன், வீட்டுக்கு வாங்க, சாப்பிடாமப் போயிட்டீங்க என்று. ஷூஹெய் அள்ளிய பனியை மறுபடி படியிலேயே கொட்டினான். இறங்கும்போது இவள் அவனைப் பார்த்து, அண்ணா மூக்குல என்ன என்று கேட்டாள். பனியில வழுக்கிட்டேன்மா என்றான். எங்க வீட்டுக்கு வந்த நமஹகேக்கும் அதே எடத்துலதான் அடி என்றாள் இவள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே கன்ஜி வீட்டுக்குப் போனேன். வருஷத்துக்கு ஒரு ராத்திரிதாங்க வழக்கம், ஒரு வீட்டுக்காக மறுபடி எறங்குனா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க என்றார். நான் விடுவேனா, உங்க தாத்தா காலத்துல நமஹகே வந்ததே ஜனவரி பதினஞ்சாம் தேதி, சின்னப் புது வருஷத்தன்னிக்குத்தான், அது இன்னும் வரல, சாமிக்கு வழி மறந்திருக்காது என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். உங்ககிட்ட பேசி ஜெயிக்கறதுக்கு அந்தப் புள்ளகிட்ட அடி வாங்கலாம் அக்கா, வர்றோம் என்றார்.

நேற்றுத்தான் பதினைந்து. என்ன உடுப்புப் போட என்று கேட்டாள், நீதான் இன்றைக்கு வீட்டுக்காரி, இருப்பதில் நல்லதைப் போடு என்றேன். கொட்டகையிலிருந்து கோலை எடுத்துவந்து துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவு அதிர்ந்தது, இரண்டு பேரும் மிதித்துக்கொண்டு வந்தார்கள், ஷூஹெய் கொஞ்சம் மெதுவாகவே மிதித்தான். இவள் தரையில் நெற்றி படக் கும்பிட்டு, உட்காருங்க என்றாள். உட்கார்ந்ததும் கன்ஜி குரலைக் கனமாக்கி, இந்த வீட்டுல சோம்பேறிப் புள்ள, அழுகுற புள்ள, சாமிய அடிக்கிற புள்ள எவளாச்சும் இருக்காளா என்றார். மூணாவது நான்தான் என்றாள். பார்வையைத் தாழ்த்தவில்லை. எங்கப்பா கடலுக்குப் போறவரு, கோபம் இருந்தா என்மேல காட்டுங்க, அவர்மேல வேணாம் என்றாள். ஷூஹெய் முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சித்தப்பா இந்த முறை சிரிக்கவில்லை. கன்ஜிதான் சமாளித்தார். கோபமா, அப்பனுக்காக நிக்கிற புள்ளய எந்தச் சாமி கோவிச்சுக்கும், மலை உச்சியிலேர்ந்து கடல் பூரா எங்களுக்குத் தெரியும், உங்கப்பன் படகை நாங்க பாத்துக்கறோம், நீ பள்ளிக்கூடத்துல கணக்கைப் பாரு என்றார்.

அவள் சாக்கே ஊற்றினாள், இருவரும் முகமூடியை ஓரமாகத் தூக்கிக் குடித்தார்கள், மோச்சி தின்றார்கள், மீனை எலும்போடு தின்றார்கள். எழுந்திருக்கும்போது, இருங்க, இன்னும் கழுவி விடல என்று கோலை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள், அது மின்னிக்கொண்டே உன் படத்துப் பெண்ணின் குரலில் பேசியது. இரண்டு நமஹகேயும் கைகூப்பித் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவள் இருவர் தலைமேலும் வெளிச்சத்தைச் சுற்றிக் காட்டினாள். வாசலில் கன்ஜி என் காதில், அக்கா, நிசமாவே முதுகுவலி போயிடுச்சு என்றார், குடித்த சாக்கேதான் காரணம் என்றேன்.

ஆகையால் நீ வேலையை விடுவது, வேறு வேலை தேடுவது என்றெல்லாம் இன்னொரு முறை எழுதாதே. நீ வரைந்ததைப் பார்த்து அவள் அடிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, அடித்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதையும் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டாள். நான் கோயிலும் பூஜையுமாக இத்தனை வருடம் இருந்தும் அதை அவளுக்கு இத்தனை தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பெண்களுக்கு மட்டும் குளிர்காலத்தில் ஒரு நீளக் காலுறை வரைந்தால் தேவலை, முழங்கால் தெரியப் பனியில் பறக்கிறார்கள், பார்க்கிற எனக்கே மூட்டு வலிக்கிறது. உங்கள் ஆபீஸ் பெரியவர்களிடம் சித்தி சொன்னாள் என்று சொல்.

புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் உப்பிட்ட மீனும் அனுப்பியிருக்கிறேன், கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு, தனியாகத் தின்னாதே. உன் தெருமுனைக் கோயிலில் புது வருடத்துக்குப் போனாயா இல்லையா என்று எழுதவில்லை, போகவில்லையென்றால் இந்த வாரம் போ. மலைச் சாமி உன் கைக்கும் கண்ணுக்கும் குறைவில்லாத பலம் கொடுக்கட்டும், உன் அம்மா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தக் கோலுக்கு எந்த பேட்டரி என்று உடனே எழுது, நேற்று இரண்டு சாமிகளைக் கழுவியதில் தீர்ந்துவிட்டது.

இன்று விடிகாலை சித்தப்பா படகை எடுத்தார், காற்று கொஞ்சம் இருந்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன், யுசுனா அந்தப் பக்கம் வரவே இல்லை. ஒரு காலுறையைக் காணோம் என்று என்னோடு சண்டை போட்டு, மோச்சியை வாயில் அடைத்துக்கொண்டு, கடலைத் திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
உன் சித்தி
ஃபுசாயே