பையா, குழந்தைச் சாமானா

ஜூலை 8, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு. குழந்தை ஹனா இப்போதுதான் தூங்கினாள். விடாத மழை. எங்கள் பர்ஸ் பட்டறையில் தோலெல்லாம் பூஞ்சை வாடை.

நான் வரைந்த பைக்கு மாதிரி ஒன்று தைத்தாகிவிட்டது. தோளில் போட்டால் பை. ஜிப்பைத் திறந்தால் பிள்ளையை இடுப்போடு சேர்த்து உட்காரவைக்கும் துணி இருக்கை. ஒரு கையில் ஹனா, மறு கையில் கம்பி என்று சுனாபட்டி ரயிலில் தொங்கியபோது தோன்றியது.

காட்கோபர் கடை அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு தாயி. வெலயச் சொல்லு. தீவாளி வரைக்கும் மாறக்கூடாது."

"வரி எவ்வளவுன்னு தெரியல அண்ணாச்சி. கூடலாம், கொறயலாம்..."

"வெலயக் கேட்டா வானிலை அறிக்கை வாசிக்கியே!"

வெள்ளிக்கிழமை காலை வரை நேரம்.

ஜூலை 9, புதன்

தடுப்பூசி. பால் பவுடர். கரண்ட் பில்.

மாட்டுங்கா வரி ஆலோசகருக்கு போன். பை என்றால் ஒரு வரி, குழந்தைச் சாமான் என்றால் வேறு. எங்களுடையது?

"இந்த மாதிரி ஒண்ணு எங்கிட்ட வந்ததே இல்லையேம்மா. ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் வேற வரது, ரேட்டே மாறினாலும் மாறும். பேசாம பழைய பர்ஸையே போடுங்கோ."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போன வருசம் பட்டது போதாதா புள்ள?"

ஸ்டிக்கர் மழையில் உரிந்துவிடும் என்று பர்ஸின் உள்பட்டையிலேயே விலையைச் சூட்டு அச்சில் பதிப்பது எங்கள் பட்டறை வழக்கம். வரியும் சேர்த்த விலை. போன வருடம் பதித்து முடித்த மறுவாரம் வரி மாறியது. தோலில் பதிந்தது அழியாது. ஒவ்வொன்றாகத் தையல் பிரித்தோம்.

ஜூலை 10, வியாழன்

மழை கொஞ்சம் விட்டது. குர்லாவிலிருந்து, தோல் வெட்டும் அச்சு செய்கிறவர் இரண்டு தடவை போன். பைக்கு அச்சு போடவா, வேண்டாமா? இவர் போனை வாங்கி, "நிறுத்தி வைங்க பாய்" என்றார். பிறகு என்னிடம்:

"நாளைக்கு நீ வெல சொல்லலன்னா பர்ஸ் ஆர்டர எடுத்துக்கிடுவேன். அப்புறம் தீவாளி வரைக்கும் ஒரு மிசினும் காலி இருக்காது."

"ஒரு வாரம் பொறுங்க மச்சான்."

"நான் பொறுப்பேன். தைக்கிறவன் வயிறு பொறுக்குமா?"

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. மேலே வீடு, கீழே பட்டறை. எங்கே போய் அழ?

ஆலோசகருக்கு இப்போது அனுப்பியது:

"சார், பையா, குழந்தைச் சாமானா? கூடுதல் வரி என்றாலும் கட்டுகிறோம். ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள். காலையில் கடை திறப்பதற்குள் தயவுசெய்து பதில் போடுங்கள்."