தொப்பை மணிக்கு மாலை

மே 3, சனி

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. சுகர் மாத்திரை தீர்ந்தது, கிளினிக் போக வேண்டும்.

மதியம் தமிழ்ப்பள்ளி. பிள்ளைகள் செல்வத்தின் நாவலைப் படிக்கிறார்கள், வந்து பேசச் சொன்னார் டீச்சர். எங்கள் எஸ்டேட், எங்கள் ஆறு, நாங்கள் மூன்று பையன்கள். மூங்கிலில் தெப்பம் கட்டிப் புதையல் தேடும் கதை. செல்வம் தண்ணீரில் விழுவான். கதிர் குதித்து இழுத்து வருவான். தொப்பை மணி தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடுவான். அந்த மணிதான் நான். புத்தகம் வந்த நாள் முதல் ஊருக்கு நான் தொப்பை மணி.

டீச்சர்: “கதையில சின்னதா வர்ற ஆளு. ஒங்க கண்ணால எப்படி இருந்திச்சின்னு சொல்லுங்க அங்கிள்.”

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். மூங்கில், கயிறு, எண்ணெய் டின். முன்வரிசைப் பயல் ஒருவன்: “தாத்தா, ஏன் ஓடுனீங்க? பயமா?” எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும்.

“ஓடுனது கதிருடா. குதிச்சது நான். எழுதுனவன் அவனுக்குச் சொந்தம், அதான் மாத்திப்புட்டான்.”

கைதட்டல். எழுதவே கூசுகிறது. ஆனால் அப்போது இனித்தது.

இப்போது செல்வமும் உயிரோடு இல்லை, கதிரும் இல்லை. பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

மே 4, ஞாயிறு

வெயில். பள்ளியில் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. புஞ்சாக் ஆலாமிலிருந்து மகள் போன்.

“அப்பா, நீங்கதான் ஹீரோவா? ஏன்பா இத்தன வருஷம் வாயே தொறக்கல?” அழுகை.

“விடும்மா” என்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பாள்.

என் சம்சாரம் பார்வதி ஒன்றும் கேட்கவில்லை. மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தி. அதையும் நான் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

எஸ்டேட் கோயில் தலைவர் வந்தார். ஞாயிறு மாரியம்மன் திருவிழா. பிள்ளையைக் காப்பாற்றியவனுக்கு வருஷா வருஷம் அம்மன் கழுத்து மாலை என்று செல்வத்தின் அம்மா வேண்டிக்கொண்டது. அந்த அம்மா போன பிறகும் கோயில் அதை விடவில்லை. கதிருக்கு அப்புறம் அவன் சம்சாரம் லெட்சுமி வாங்கிக்கொள்கிறாள். கலும்பாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வருவாள், அந்த ஒரு மாலைக்காக.

“தப்பு நடந்து போச்சி மணியண்ணே. இந்த வருஷம் மாலை ஒங்களுக்குத்தான். லெட்சுமிகிட்ட பேசியாச்சி.”

“அது என்னா சொல்லிச்சி?”

“சரின்னிச்சி.”

அப்போதே சொல்லியிருக்கலாம். “காப்பி குடிங்க லா” என்றேன். சீ.

மே 8, வியாழன்

கிளினிக். சுகர் ஏறியிருக்கிறது. செய்ய வேண்டியவை: மாத்திரை, கேஸ் சிலிண்டர், வேட்டி சலவை.

லெட்சுமிக்குப் போன் போட எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

அன்றைக்கு ஆற்றிலிருந்து ஓடும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். செல்வத்தைப் பிடித்தபடி கதிர் உள்ளே போனான், வந்தான், மறுபடி போனான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஓடினேன். அதற்கப்புறம் அவன் ஆற்றுப் பக்கமே போனதில்லை. தலை முங்கிக் குளிக்கக்கூடப் பயம்.

ஊரே தொப்பை என்றது. கதிர் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

முடிவு: ஞாயிறு, கோயிலில், மைக்கில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது.

மே 11, ஞாயிறு

மேகமூட்டம். நல்ல கூட்டம். மகள், மருமகன், பேத்தி எல்லோரும் புதுத்துணியில். லெட்சுமி பெண்கள் பக்கம், தூண் ஓரமாக. மாலை இல்லையென்று தெரிந்தும் வந்திருந்தாள்.

பூசாரி அம்மன் கழுத்திலிருந்து மாலையை எடுத்தார். தலைவர் என் பெயரைச் சொன்னார். பேத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். கழுத்தை நீட்டினேன். மைக்கையும் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் நன்றி.” அவ்வளவுதான் வந்தது.

செருப்பு மாட்டும் இடத்தில் லெட்சுமி. சண்டைக்கு வரவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, அவரு நெசமாவே ஓடுனாரா?”

பக்கத்தில் மகள். பேத்தி என் கையைப் பிடித்திருந்தாள்.

“சின்னப் பையன்தான லெட்சுமி. பயந்துட்டான்.”

தலையாட்டினாள். “சாவுற வரைக்கும் அவருக்குத் தண்ணின்னா பயம்ண்ணே. அதான் போல.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

மாலையைப் பார்வதி பிரிட்ஜில் வைத்திருக்கிறாள், வாடக் கூடாதாம். தண்ணீர் எடுக்கப் போனேன். கதவைத் திறந்ததும் மல்லிகை வாசம். குடிக்காமலே மூடிவிட்டேன்.