குங்குமம் வைத்த கத்தரி

என் தங்க அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டாரா என்று தெரியவில்லை. குறட்டைச் சத்தம் வரவில்லை. விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவார் என்று, அடுப்பங்கரை ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில், காஸ் சிலிண்டர் மேல் பரீட்சை அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நாளைக்கு ஆயுத பூஜை. அப்பாவின் முதலாளி டாக்டர் என்னைத் தன் நர்சிங் ஹோமுக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போன பிறகு உன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தேன். நீ சுத்தமில்லாதவள் என்று சொன்னார்கள். நீ! குடத்தின் கழுத்துக்குள் கைவிட்டுத் தேய்க்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் பிடிக்காதவள். நம் ஜீவனஹள்ளி முழுக்க உன்னை ‘சோப்பு செல்வி’ என்று சொல்லிச் சிரித்தது. அப்படிச் சிரித்தவர்களே நம் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, “ஆபரேஷன் பண்ண வயித்த வெச்சிக்கினு சுத்தமா இருந்திருக்க வேணாமா?” என்று பேசினார்கள்.

அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் டாக்டர். உன் சாவுக்கு, கையில் ரோஜா மாலையோடு வந்தார். செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியில் நின்று, தெருவே கேட்கும்படி அப்பாவிடம் சொன்னார்.

“நான் பண்ணதெல்லாம் கரெக்டா பண்ணிட்டேன் மூர்த்தி. கிருமி இங்கதான் உள்ள போயிருக்கு. இந்த மோரி நாத்தம், இந்தத் தண்ணி... நீ கட்டு மாத்தினப்போ கை கழுவினியா இல்லியா? வீட்ல சுத்தம் பத்தல.”

அப்பா கைகட்டித் தலையாட்டினார். டாக்டருடைய கார் ஓட்டுகிறவர் வேறு என்ன செய்வார்? டிரைவர் பெண்சாதிக்கு இலவசமாக ஆபரேஷன் செய்த புண்ணியவான் அல்லவா அவர்?

நடந்தது என்ன என்று உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். அப்போது நீ வலியில் கண்ணை மூடியிருந்தாய். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் காது நன்றாகக் கேட்டது.

உன் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நாம் மூன்று பேரும் நர்சிங் ஹோமுக்கு ஆயுத பூஜைக்குப் போயிருந்தோம். காரின் முன்னால் வாழைக்கன்று, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஆபரேஷன் தியேட்டருக்குள் டாக்டரின் மனைவி இலை விரித்து, ஸ்டெல்லா சிஸ்டரை ட்ரம்மைத் திறக்கச் சொன்னார். ஆவியில் வேகவைத்த கருவிகளை மூடி வைக்கும் எவர்சில்வர் டப்பாதான் அந்த ட்ரம். கத்தரி, இடுக்கி, கத்திப்பிடி எல்லாவற்றையும் இலையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பெரிய குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவுக்கு ஒரு சாமந்தி மாலை. அதில்தான் கருவிகளை வேகவைப்பார்கள். “இன்னிக்கு இதுக்கும் ரெஸ்ட்டு” என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நீ என் காதில், “நமக்குத்தான் எந்தப் பூஜைக்கும் ரெஸ்ட்டு கெடையாது” என்றாய்.

அன்றைக்கே உனக்கு வயிற்றுவலி வந்தது. விடிந்ததும் அப்பா அந்த வாழைக்கன்று கட்டிய காரிலேயே உன்னை ஏற்றிக்கொண்டு போனார். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். உன் வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்து, என்னைத் தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

“சார், ட்ரம் இன்னும் ஆட்டோகிளேவ் போடல. நேத்து பூஜையில வெச்ச சாமான் அப்படியே இருக்கு.” இது ஸ்டெல்லா சிஸ்டர்.

“இப்ப மாலைய எடுத்து, தண்ணி ஊத்தி, அது சூடு ஏறி இறங்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும். நேத்து காலைல வேகவெச்சதுதானே? ஸ்பிரிட்ல நல்லா தொடச்சிடுங்க.”

“குங்குமம் ஒட்டியிருக்கு சார்.”

“சாமி குங்குமம் சிஸ்டர். விஜயதசமியில மொதல் கேஸு. எல்லாம் நல்லாத்தான் நடக்கும்.”

எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை, அம்மா. சாமி குங்குமம்தான் கேட்டது. அதோடு அப்படியே கொண்டுபோய் ஒருத்தியின் வயிற்றில் வை என்று கேட்கவில்லை.

நீ வீட்டுக்கு வருவதற்கு முன்பே, அங்கே கட்டிலில் படுத்திருக்கும்போதே, உன் உடம்பு அனலாகக் கொதித்தது. “ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அப்பா தன் கையால் உனக்குக் கட்டு மாற்றினார். தையலிலிருந்து சீழ் வந்தது. மறுபடியும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன் காரியம் முடிந்ததும் கதவோரம் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். அதுவரை என்னை அடிக்காதவர் அறைந்தார். “அவர் போடற சோறுடி இது. இன்னொரு வாட்டி இதப் பேசினே...” என்று சொல்லி, முடிக்காமல் அழுதார். அடுத்த மாதமே ஸ்டெல்லா சிஸ்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்.

இப்போது அப்பாவைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. தினமும் பினாயில் ஊற்றி வீட்டைக் கழுவுகிறார். சோற்றைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுகிறார், கழுவிய கையையே மறுபடியும் கழுவுகிறார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது. தான் போட்ட கட்டுதான் உன்னைக் கொன்றது என்று நம்புகிறார். அப்படி நம்ப வைத்தவர் அதே காரில் பின்சீட்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போகிறார். அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எனக்குள் என்ன எரிகிறது என்று எப்படிச் சொல்வேன்? அவர் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். அவர் வீட்டிலும் ஒருவர் காய்ச்சலில் கிடக்க வேண்டும் என்றுகூட வேண்டியிருக்கிறேன். பாவம் என்று தெரிந்தேதான் வேண்டினேன்.

இந்த வருஷம் நான் பத்தாவது. பள்ளியில் அறிவியல் கண்காட்சி, சிறப்பு விருந்தினர் நம் டாக்டர் என்று தலைமையாசிரியை அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே முடிவு செய்துவிட்டேன்.

என் தோழி நூர்ஜஹானும் நானும் உருளைக்கிழங்கு வில்லைகளைப் பாட்டில்களில் போட்டு, பஞ்சால் அடைத்து, நம் வீட்டுக் குக்கரில் வேகவைத்தோம். முதல் பாட்டில் கிழங்கை ஆவியில் வேகவைத்த கத்தரியால் தொட்டோம். இரண்டாவதை, ஒரு நாள் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பிறகு ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் தொட்டோம். அதே கத்தரியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி வேகவைத்து மூன்றாவதைத் தொட்டோம். அதில்தான் என் வழக்கே இருக்கிறது. பூஜை செய்தாலும் பிறகு வேகவைத்திருந்தால் நீ இருந்திருப்பாய்.

நாலைந்து நாள் கழித்துப் பார்த்தபோது முதலும் மூன்றும் வெள்ளையாகவே இருந்தன. இரண்டாவதில் மஞ்சளாகச் சளி மாதிரி புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. நூர்ஜஹான் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அல்லா! இது கெழங்காடி, நம்ம கணக்கு சார் மண்டையா?” என்றாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

இன்றுதான் கண்காட்சி. டாக்டர் எங்கள் மேசைக்கு வந்தார்.

“என்னம்மா, பூரிக்கு உருளைக்கெழங்கு சாகு பண்ணப் போறீங்களா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கினேன். கத்தரியின் இரண்டு காலும் சேரும் ஆணிக்குள் குங்குமம் போய் ஒளிந்துகொள்கிறது, துடைக்கிற துணி அங்கே போகாது, ஆவிதான் போகும் என்று காட்டினேன். ஸ்பிரிட்டுக்குச் சாகாத கிருமியும் உண்டு என்று சொன்னேன். பிறகு கேட்டேன்.

“சார், இந்த ரெண்டாவது கத்தரிய ஒருத்தர் வயித்துல வெச்சா என்ன ஆகும்?”

அவர் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை.

“நீ மூர்த்தி பொண்ணுதானே?”

“செல்வி பொண்ணும்தான் சார்.”

அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆனால் முதல் பரிசு எனக்குத்தான் என்று அறிவித்தார்கள். எதற்கு என்று மேடையேறிய பிறகுதான் புரிந்தது. அவர் மைக்கைப் பிடித்து, “நம்ம டிரைவர் பொண்ணு ரொம்ப அழகா காட்டிச்சு. கிருமி எங்கருந்து வருது? வீட்லருந்துதான் வருது. அதனால சுத்தம் வீட்லதான் ஆரம்பிக்கணும்” என்றார். என் தலையைத் தடவினார். என் கிழங்கை வைத்தே உன்னை இன்னொரு முறை அழுக்காக்கினார், அம்மா!

கோப்பையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

“எங்க வீட்லருந்து வரல சார். உங்க ட்ரம்லருந்து வந்துச்சு.”

மைக் அருகில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. தலைமையாசிரியை என் தோளைப் பிடித்து இழுத்தார். நூர்ஜஹான் மட்டும் கை தட்டினாள், பிறகு பயந்துபோய் நிறுத்திவிட்டாள். டாக்டரின் முகத்தில் ரத்தம் வற்றியது. நாலு வருஷமாக நான் பார்க்கத் துடித்த முகம் அது. வெல்லம் மாதிரி இனித்தது. ஆனால் போதவில்லை. கேட் அருகே, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, கார் துடைக்கும் துணியோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குழாயடியில் வழக்கம்போலக் கை கழுவினார். பாதியில் நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“அந்தக் கெழங்கு... ஸ்பிரிட்டு போட்டும் கிருமி வந்துச்சா?”

“வந்துச்சுப்பா.”

“நெசமாவா பாப்பா?”

“நெசமாத்தான்பா. நூரும் பாத்தா.”

அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “ஆஸ்பத்திரில இருக்கும்போதே அவளுக்கு ஒடம்பு சுட்டுச்சு. நானும் தொட்டுப் பாத்தேன். தொட்டுப் பாத்துட்டும் அவர் சொன்னத நம்பினேனே...” என்றார். அதற்குப் பிறகுதான், “நாளைக்கு உன்னப் பூஜைக்குக் கூட்டியாரச் சொன்னாரு. வண்டில வேற ஒரு வார்த்த பேசல” என்றார்.

“போணுமாப்பா?”

எழுந்து குழாயை மூடினார். என்ன இருக்கும் அங்கே? எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்வாரா? அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொள்வாரா? போலீஸ் என்று மிரட்டுவாரா? வேலை போனால் நாங்கள் இந்த வீட்டில் எப்படி இருப்பது? நீ இருந்தால் என்னைப் போகச் சொல்வாயா, வேண்டாம் என்பாயா?

நான் போகப் போகிறேன், அம்மா. உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பூஜைக்கு நம் தெருக்காரர்கள் எல்லோரும் பொரி வாங்க வருவார்கள். அவர்கள் முன்னால் ஒன்றே ஒன்று கேட்பேன். செல்வி சுத்தமானவள், மூர்த்தியின் கை சுத்தமானது, என் தியேட்டரில்தான் தப்பு நடந்தது என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். நம் நிலைப்படியில் சொன்ன அதே சத்தத்தில் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் விஜயதசமி காலையில் நர்சிங் ஹோம் கேட்டில் போய் நிற்பேன். ஆபரேஷனுக்கு வருகிற ஒவ்வொருவர் கையையும் பிடித்து, “ட்ரம்ம வேகவெச்சீங்களான்னு கேட்டுட்டு அப்புறம் படுங்க” என்று சொல்வேன். விரட்டினால் எதிர்ப்பக்கம் நிற்பேன். எல்லா வருஷமும் நிற்பேன். என்னைப் பார்த்துப் பயந்தாவது அவர் வேகவைக்கட்டும். அவர் உயிரோடு இருக்கும்வரை பயந்து பயந்து வேகவைக்கட்டும்.

அவரை நான் மன்னிக்க மாட்டேன். நீ கேட்டாலும் மாட்டேன்.

உன் பெயரை அவர் வாயிலிருந்து பிடுங்கி உன்னிடம் திருப்பித் தரப்போகும்,
உன் ஒரே மகள்
கனகா