ஒட்டாத செல்கள்

நாள் 212, காலை 07:10
செவ்வாய்க் கோள், வடசமவெளி நிலையம். பதிபவர்: தங்கபுஷ்பம், தசைச் செல் ஆய்வாளர். வெளியே புழுதிப் புயல். உள்ளே நான் ஒருத்தி. ஏழு மாத வயிற்றையும் கணக்கில் சேர்த்தால் ஒன்றரை ஆள். தெற்கு நிலையத்துக்கு மின்கலம் மாற்றப் போன என் கணவர் இசக்கிராஜ் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஈர்ப்பு குறைந்த இந்த ஊரில் எல்லோருக்கும் தசை கரைகிறது. அதற்கு ஒட்டுப் போடத்தான் தட்டில் தசை வளர்க்கிறேன். இளம் செல்கள் வரிசையாக நின்று, ஒன்றோடொன்று கலந்து இழையாக வேண்டும். ஆய்வக வடிகட்டி அடைத்துக்கொண்டது. இனி குடிதண்ணீரில்தான் சத்துக் கரைசல்.

நாள் 219, மாலை 16:40
செல்கள் கலக்கவில்லை. சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகளைப் போல பக்கத்தில் நின்றுகொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. வெப்பப் பெட்டி சரி. கதிர்வீச்சு அளவும் சரி. எரிச்சலாக வருகிறது.

தெற்கிலிருந்து: "புஷ்பம், பச்சத்தண்ணி குடிச்சிராத, கேட்டியா? நல்லா கொதிக்க வச்சுக் குடி. ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டி கொதிக்கட்டும். வயித்துப் புள்ளக்காரி."

என் பதில்: "எங்கம்மா இல்லாத கொறைய நீங்க தீத்துருவீங்க அத்தான். கொதிக்க வச்சுத்தான் குடிக்கேன்."

தட்டுக்கும் அதே தண்ணீர்தான். கிருமி புகுந்துவிடக் கூடாதல்லவா?

நாள் 226, காலை 09:05
அவசரத்தில் ஒரு தட்டுக்குக் கொதிக்க வைக்காத தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். அதில் மட்டும் பாதிச் செல்கள் இழையாகியிருக்கின்றன. கொதித்த தண்ணீர்த் தட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இரண்டு தண்ணீரிலும் மாதிரி எடுத்து வைத்துவிட்டேன்.

நாள் 227, பகல் 13:20
தண்ணீரைப் பகுத்துப் பார்த்தேன். மறுசுழற்சித் தொட்டியின் உள்பூச்சிலிருந்து செல்களை ஒட்டவிடாத ஒரு வெள்ளீயச் சேர்மம் கசிகிறது. கிருமியென்றால் கொதியில் சாகும். இது சாகாது, ஆவியோடும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் ஏறிக்கொண்டே போகும். வேறு நாட்டுக்காரர்களாக இருந்தால் குழாயில் பிடித்து அப்படியே குடித்திருப்பார்கள். நான் நம்மூர் வழக்கப்படி மாதக்கணக்காக, ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறேன்.

குழந்தையின் தசையும் இப்படிச் செல்கள் கலந்துதான் உருவாகிறது. கையும் காலும் மட்டுமா? மூச்சை இழுப்பதும் தசைதான். பயமாக இருக்கிறது. மருந்தறையில் முத்திரையிட்ட எஃகுக் கலன்களில் சுத்த நீர் உண்டு. இனி எனக்கும் தட்டுக்கும் அதுதான்.

நாள் 231, காலை 10:30
ஸ்கேன் எடுத்தேன். இதயம் துடிக்கிறது. மூச்சை இழுக்க வேண்டிய உதரவிதானம் நூலளவுதான் தெரிகிறது. போன மாதம் உதைத்து உதைத்து என்னைத் தூங்க விடாத பிள்ளை, இப்போது லேசாகப் புரள்வதோடு சரி.

தெற்கிலிருந்து: "புயல் தணியுது புஷ்பம். வண்டிய எடுத்துட்டேன், வந்துருவேன். புள்ள உதைக்கானா? கொதிக்க வச்சுத்தான குடிக்கே?"

"ஆமா அத்தான்" என்று மட்டும் அனுப்பினேன்.

நாள் 234, காலை 06:15
சுத்த நீர்த் தட்டில் செல்கள் கலந்துவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழைகள் தாமாகச் சுருங்கி விரிந்தன. இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

ஒரு கை நுண்ணோக்கியில், இன்னொரு கை வயிற்றில். ஒரு புரளலாவது வருமா என்று வெகுநேரம் பார்த்தேன்.

தட்டில் இருப்பது துடிக்கிறது.

06:50
ஸ்கேன் செய்யவில்லை. செய்ய மாட்டேன்.

07:05
வெளிக்கதவு திறக்கும் சத்தம். வந்துவிட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறார்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் முதலில் தொட்டியை மாற்றுங்கள். பூமிக்குச் சொல்லுங்கள். பூச்சுதான் காரணம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். கொதிக்க வைத்ததால் நஞ்சு கூடிற்று என்பதை மட்டும் தயவுசெய்து அவரிடம்