அத்தாவுக்கு வைத்த கஞ்சி

தம்பி ரிஃபாத்,

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். அத்தா படுத்திருக்கிறார், எழுப்பாதே.

நேற்று ஆஸ்பத்திரியில் டயட்டீசியன் அவரை எடை போட்டுவிட்டு, சாப்பாடு எப்படி என்று கேட்டார். "நல்லாத்தான் திங்கிறேன்மா" என்றார் அத்தா. பாதியைக் கொட்டிவிடுகிறார் என்று நான் உடைத்துச் சொல்லிவிட்டேன். அப்புறம் தெம்பைப் பார்க்க, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். அத்தாவால் முடியவில்லை. வீடு வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

"இந்த வயசுல அவர எதுக்குக்கா இம்புட்டுப் பாடு படுத்துற?" என்று நாங்கள் வந்ததும் நீ கத்தினாய். டாக்டர் வயதைப் பார்க்கவில்லை, தெம்பைத்தான் பார்க்கிறார். உடம்பு இன்னும் இளைத்தால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவார்.

இன்று விடியலில் சுபுஹு தொழுதபிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அத்தா கையை ஊன்றாமல் எழுந்து பழகினார். தடுமாறியும் விடவில்லை. உனக்கு நான் வேறென்ன பதில் சொல்ல?

அடுப்பில் கறிக்கஞ்சி இருக்கிறது. வாயெல்லாம் புண் என்பதால் காரம் போடவில்லை. முட்டையை அவித்து மசித்துக் கலந்து கொடு. வேணுமா என்று கேட்காதே, வேண்டாம் என்பார். நீயும் தட்டோடு பக்கத்தில் உட்கார். மிச்சச் சண்டையை நான் வேலை முடிந்து வந்து, செத்த நேரம் தூங்கி எழுந்தபிறகு வைத்துக்கொள்வோம்.

நுஸைபா

செருப்பு மாட்டும்போது, "நீ சாப்டியாம்மா?" என்று அத்தா படுத்தபடியே கேட்டார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன். கஞ்சியில் எனக்கும் கொஞ்சம் வை.