பைக்குள் சிவப்புப் பந்து

புதுச்சேரி,
22-12-2007

அன்பு நண்பர் அன்பழகன் மாஸ்டர் அவர்களுக்கு, விஜயராகவன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு வசந்தாவும் மகள் பூவிழியும் சுகம். நான் சுகமா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். ஏனாம் பிள்ளைகளைப் பத்திரமாக ஊர் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீர்கள். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் ஸ்டாஃப் ரூமில் நான் போனைக் கையில் எடுத்தாலே நாலு பேர் பேப்பரை விரித்துக்கொண்டு காதைத் தீட்டுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

சென்ற சனிக்கிழமை நடந்த பள்ளி மல்யுத்தப் போட்டியைப் பற்றி எவனோ நம் சங்கத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். ஐம்பது கிலோ இறுதிப் போட்டியில் நடுவர் விஜயராகவன் தன் பள்ளிப் பையனை ஜெயிக்க வைத்துவிட்டாராம், பையில் சூது இருக்கிறதாம். செயலாளர் ஜானகிராமனைத்தான் தெரியுமே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இன்னும் அந்த நாட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா. கடிதத்தைக் கையில் தராமல் எட்டத்தில் பிடித்துக் காட்டி, "என்னா மாஸ்டர், உங்க பை மேல பிராது வந்துகீது" என்றார். ஜனவரி பத்தாம் தேதி விசாரணை. குற்றம் என்று முடிவானால் நடுவர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுவார்கள். பதினாறு வருஷம் மாஸ்டர்.

விசாரணையில் சொல்லப்போவதை உங்களிடமே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் துணை நடுவராக உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள், தப்பு இருந்தால் திருத்துங்கள். மூன்றாவது சுற்றில் இரண்டு நிமிடம் முடிந்தும் இருவருக்கும் புள்ளி இல்லை. விதிப்படி பையைத் திறந்தேன். உள்ளே ஒரு சிவப்புப் பந்து, ஒரு நீலப் பந்து. பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். எந்த நிறம் வருகிறதோ அந்த நிற உடுப்புக்காரன் எதிராளியின் காலைக் கட்டிப் பிடித்தபடி தொடங்கலாம். அப்படிப் பிடித்தவன் தோற்று நாம் அதிகம் பார்த்ததில்லை. வந்தது சிவப்பு. சிவப்பு உடுப்பில் நின்றவன் என் பள்ளி மதிவாணன், வைத்திக்குப்பத்துப் பையன். நீலத்தில் நின்ற கண்ணையன் தோற்றான். மதிவாணன் ஜனவரி இருபத்துநாலாம் தேதி தேசியப் போட்டிக்குக் கிளம்புகிறான். இதில் சூது எங்கே வந்தது?

எழுதியவன் யார் என்று நாலு நாளாக மண்டையைக் குடைகிறது. முதல் சந்தேகம் கண்ணையன் பள்ளி பி.டி. மாஸ்டர் ராமலிங்கத்தின் மேல். அன்று கை கொடுத்தபோது விரல் நுனியை மட்டும் கொடுத்தார். மைதானத்துக் காவலாளி பக்கிரி மேலும் ஒரு கண் இருக்கிறது, சாமான் பெட்டியைத் தூக்கி வருபவன் அவன்தான். கண்ணையனின் அப்பா மேட்டுப்பாளையத்தில் ஏதோ கம்பெனி வாட்ச்மேன். யூனிபாரத்தோடு வந்து வாசலில் நின்றார், மகன் தோற்றதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அப்படிப் பேசாமல் போகிறவர்கள்தான் எழுதுவார்கள்.

யாரைப் பார்த்து என்ன பேச்சு பாருங்கள். எடை மெஷினையே நம்பாமல் வீட்டிலிருந்து இரண்டு கிலோ படிக்கல்லைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறவன் நான். உடம்பில் எண்ணெய் பூசியிருக்கிறானா என்று பையன்களின் முதுகைக் கர்ச்சீப்பால் துடைத்து முகர்கிறவன். நூறு கிராம் குறைக்க மொட்டை போட்டு வந்த காரைக்கால் பையனை மறுபடி மெஷினில் ஏற்றியதற்கு நீங்களே சிரித்தீர்கள்.

போட்டி சுத்தமாக நடந்தது என்று கையெழுத்துப் போட்டு ஒரு தாள் எழுதி அனுப்புங்கள். உங்கள் வார்த்தைக்கு இங்கே மதிப்பு உண்டு.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
விஜயராகவன்


புதுச்சேரி,
2-1-2008

அன்பழகன் மாஸ்டர் அவர்களுக்கு,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று நாளைக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் கடிதம் வந்தது. கோதாவரிக் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பூவிழியின் பத்தாம் வகுப்புப் படிப்பை விசாரித்திருக்கிறீர்கள். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை என்கிறீர்கள். நான் கேட்ட தாளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மடித்த கவருக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பிரித்துக்கூடப் பார்த்தேன்.

இதற்கிடையில் ஜானகிராமன் மனசு வைத்து அந்த மொட்டைக் கடிதத்தை முழுவதும் படிக்கக் கொடுத்தார். டைப் அடித்தது. அதில் ஒரு வரி: சிவப்புப் பந்து சொரசொரப்பாக இருக்கும், தொட்டாலே தெரியும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பைக்குள் கை விடாதவனுக்கு இது எப்படித் தெரியும்? ராமலிங்கம் பையைத் தொட்டதில்லை. பக்கிரி பெட்டியைத்தான் தூக்குவான், பை என் தோளில் இருக்கும்.

அந்தப் பந்துகள் வந்த கதை உங்களுக்குத் தெரியும். புதிய விதி வந்தபோது சங்கத்தில் பந்து வாங்கித் தரவில்லை. பூவிழியின் பிங்பாங் பந்து இரண்டை எடுத்து, ஒன்றுக்கு நீல மார்க்கர் பூசினாள் வசந்தா. சிவப்பு மார்க்கர் இல்லை. வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த பெயிண்டைப் பூசினாள். அந்தப் பந்தைத் தொட்ட கைகள் மூன்றுதான். ஒன்று என்னுடையது. ஒன்று வசந்தாவுடையது. அவளையே கேட்டுவிட்டேன், "நீ யாரிடமாவது உளறினாயா" என்று. மூன்று நாளாக ரசமும் அப்பளமும்தான் சாப்பாடு.

மூன்றாவது கை உங்களுடையது. போன வருஷம் காரைக்காலில் என் விரலில் கட்டுப் போட்டிருந்தபோது நீங்கள்தான் பந்து எடுத்தீர்கள். முடிந்ததும் ஏதோ சொல்ல வந்தீர்கள், "இந்தப் பையை மாத்திடலாம் மாஸ்டர்" என்று. என் வீட்டில் தைத்த பையைக் குறை சொல்கிறாரே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை மனசில் வைத்திருந்தீர்களா? உங்களை ஏனாமுக்குத் தூக்கி அடித்தபோது ஆபீஸ் படியேறி உங்களுக்காகப் பேசினவன் நான்.

இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

விஜயராகவன்


புதுச்சேரி,
11-1-2008

அன்பு நண்பர் அன்பழகன் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டேன். இரண்டு வரி எழுதினீர்கள். "நான்தான் எழுதினேன். பைக்குள் ஒருமுறை நிதானமாகக் கையை விட்டுப் பாருங்கள் மாஸ்டர்." படித்ததும் கிழித்துப் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வசந்தா கிழிந்ததைப் பொறுக்கிச் சேர்த்துப் படித்துவிட்டு, "ஊர்ல இருக்கிறவங்க எல்லார் மேலயும் சந்தேகப்பட்டாச்சி. உங்க கை ஒண்ணுதான் பாக்கி" என்று பையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பூவிழியைப் பை பிடிக்கச் சொல்லி எடுத்துப் பார்த்தேன். சிவப்பு வரட்டும் என்று நினைத்துக் கையை விட்டால் சிவப்பு. நீலம் வரட்டும் என்று நினைத்தால் நீலம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "எப்படிப்பா பண்றீங்க" என்று அவள் சிரித்தாள். நான் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அன்று கையை விட்டபோது முதலில் விரலில் பட்டது வழவழப்பான பந்து. அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். நினைத்துச் செய்தேனா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது வழவழப்பாக இருந்தது என் ஞாபகத்தில் இருக்கிறது. இத்தனை நாள் அதை நினைக்காமல் இருக்கத்தான் ராமலிங்கத்தையும் பக்கிரியையும் அந்த வாட்ச்மேனையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாஸ்டர்.

நேற்று விசாரணையில் கண்ணையனின் அப்பாவும் வந்திருந்தார், அதே யூனிபாரம். பையை மேஜைமேல் வைத்து, பிராதில் எழுதியிருப்பது உண்மை, சிவப்பை எடுத்தது என் கை என்றேன். ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுதினவன் யாருன்னு தெரியுமா" என்று கேட்டார். தெரியாது என்றேன். நடுவர் பட்டியலில் என் பெயரை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தபோது கண்ணையனின் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மதிவாணனிடம் நானே போய்ச் சொன்னேன். அழுதான். அப்புறம், "திரும்ப மல்லு கட்டுறேன் சார்" என்றான். வருகிற பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை இருவருக்கும் மறுபோட்டி. ஜெயிக்கிறவன் தேசியப் போட்டிக்குப் போவான். புதுப் பந்துகளை ஜானகிராமனே வாங்கி வைத்திருக்கிறார். நடுவராக யாரைப் போடலாம் என்று என்னைக் கேட்டபோது உங்கள் பெயரைச் சொன்னேன்.

முன்பே என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வருகிறது. காரைக்காலில் சொல்ல வந்தீர்கள், நான் காது கொடுக்கவில்லை. அது என் குற்றம்.

காக்கிநாடாவில் ரயில் ஏறி எப்படியாவது வந்துவிடுங்கள். வசந்தா உங்களுக்காக வஞ்சிரம் வாங்கிவரச் சொல்கிறாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன். வர முடியாவிட்டாலும், என்மேல் கோபம் என்றாலும், அதை எனக்கே எழுதுங்கள், அடியில் உங்கள் பெயரைப் போட்டு.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
விஜயராகவன்